கோவைப் பந்தலில் தொங்கிய காக்கிச் சட்டை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போன மாதம் ஓர் இரும்பு வளைவு முளைத்தது. வெள்ளைப் பெயின்ட். அதன்மேல் பச்சை பிளாஸ்டிக்கில் கொடி, கொடிக்கு நடுவே ஊதா நிறத்தில் பிளாஸ்டிக் பூக்கள், கீழே இரண்டு பேர் உரசிக்கொண்டு உட்காரும்படி ஒரு பெஞ்சு. இதற்குப் பெயர் ஆர்பர் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாட்ஸப் குழுவில் அறிவித்தார். பந்தல் என்று சொன்னால் நாக்கு வெந்துவிடும் போலிருக்கிறது.

அறிவிப்போடு நின்றாரா என்றால் இல்லை. எங்கிருந்தோ எடுத்த ஒரு கட்டுரையையும் தட்டிவிட்டார். ஆர்பர் வைத்து வீட்டின் வெளிப்புறத்தை மேம்படுத்துவது எப்படி என்று தலைப்பு. நுழைவாயிலுக்கு ஒரு கவித்துவம் வருமாம். விருந்தாளிகள் மனதில் நல்ல அபிப்பிராயம் உண்டாகுமாம். எந்த விருந்தாளிகள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு நாள் தவறாமல் வருகிறவர்கள் தண்ணீர் கேன் போடுகிறவர், சாப்பாட்டுப் பையோடு ஓடிவருகிற டெலிவரிக்காரர், குப்பை எடுக்கிற அம்மா. இவர்களில் ஒருவருக்கும் நின்று அபிப்பிராயம் கொள்ள நேரம் கிடையாது. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, இன்னொரு பக்கம் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல். நடுவில் திருவொற்றியூர். எங்களுக்குக் கவித்துவம் ஒன்றுதான் குறைச்சல்.

இதை முடிவு செய்த சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசியிருப்பேன். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கூட்டம் வைத்தார்கள், நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எனக்குத் தூங்கும்போது தலை முன்னால் விழுந்து விழுந்து எழும். செயலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். டீச்சர் மேடமே தலையாட்டிவிட்டார் என்று மற்றவர்களும் ஆட்டிவிட்டார்களாம். ஆக, அந்த வளைவு நிற்பதில் என் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

அதைப் பார்த்து நியாயமாகப் பேசிய ஒரே மனிதர் எங்கள் இரவுக் காவலர் சேட்டு. வியாசர்பாடிக்காரர். நான் மாநகராட்சிப் பள்ளியில் கத்திக் கத்திப் பாடம் சொன்ன காலத்தில் அவருடைய அக்கா என்னிடம் படித்திருக்கிறாள், அதனால் அவருக்கும் நான் டீச்சரம்மா. வளைவை நட்ட மறுநாள் காலையில் டூட்டி முடித்துக் கிளம்பியவர் அதன் முன்னால் நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, யாருக்குக் கண்ணாலம்? ஒரு வார்த்த சொல்லவேல்ல."

இப்போது சித்திரை. வெயில் ஏற ஏற அந்தப் பிளாஸ்டிக் இலைகளிலிருந்து ஒரு வாடை கிளம்புகிறது. புது பக்கெட்டில் வெந்நீர் ஊற்றினால் வருமே, அது. ரேஷன் கடைக்குப் போகிற வழியில் அந்த வாடை மூக்கில் ஏறி நான் அப்படியே நின்றுவிட்டேன். நைலான் வலை வெயிலில் காய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே வாடைதான் வரும். கூட மீன் கவிச்சி சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வாசலில் அப்படி ஒரு வலை பல வருஷம் கிடந்தது. கிடந்தது என்ன, தலைக்குமேல் நின்றது.

இந்தக் குடியிருப்பிலிருந்து விம்கோ நகர் போகிற வழியில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் லைன் வீடு இருந்தது. ஒரே நீளக் கூரையைக் குறுக்குச் சுவர் வைத்து வெட்டி வெட்டிக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் அது லைன் வீடு. ஆளுக்கு ஓர் அறை, அறை மூலையில் அடுப்பு, வாசலில் கொஞ்சம் மண். அடிபம்பும் கக்கூசும் பொது. கட்டுரைக்காரர் வெளிப்புறம் வெளிப்புறம் என்று உருகுகிறாரே, எங்களுக்கு வெளிப்புறம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. பல் தேய்ப்பது, துணி துவைப்பது, சண்டை போடுவது, சம்பந்தம் பேசுவது எல்லாம் வெளியில்தான் நடந்தது. உள்ளே போவது தூங்கவும் அழவும். கூரையோ ஆஸ்பெஸ்டாஸ். காலை பத்து மணிக்கு மேல் அதற்குக் கீழே படுப்பதும் தோசைக்கல்லைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு படுப்பதும் ஒன்று.

எங்கள் நைனா அதற்குக் கீழேதான் படுக்க வேண்டியிருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். தெலுங்கா என்று கேட்காதீர்கள், வடசென்னையில் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். அவர் ஒரு டப்பா கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். தகரத் தகட்டை வைத்துவிட்டுக் காலால் மிதித்தால் மேலேயிருந்து ஓர் இரும்பு இறங்கி வட்ட மூடியாக வெட்டித் தள்ளும். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிறகு மிதிக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் வரிசை மாறிப்போனவர்கள் எங்கள் லைனிலேயே இருந்தார்கள். வெயிலோ மழையோ கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.

நைனாவுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். நைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. வேலை ராத்திரி, தூக்கம் பகல், கூரை காய்வதும் பகல். பாயை உதறி உதறிப் போட்டுக்கொண்டு, ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, புரண்டு புரண்டு படுத்துவிட்டுச் சாயங்காலம் சிவந்த கண்ணோடு மறுபடியும் கிளம்புவார். காலையில் அவர் திரும்பி வந்ததும் அம்மா முதலில் பார்ப்பது கையை. பிறகுதான் முகம். அதற்கும் பிறகுதான் டீ.

ஒரு மாசி மாதக் காலையில் நைனா கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றார். வலது கை ஆள்காட்டி விரல் உறைக்கு நுனி இல்லை. அம்மா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். உள்ளே விரல் முழுசாக இருந்தது. உறை ஒரு சைஸ் பெரிது, நுனியில் காலியாக இருந்த துணியை மட்டும் பிரஸ் கொண்டுபோயிருந்தது. சரியான சைஸில் ஓர் உறை கொடுக்க வக்கில்லாத கம்பெனி என்று தினமும் திட்டுகிற எங்கள் வீட்டில் அன்றைக்கு மட்டும் யாரும் திட்டவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா.

"கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சு."

அம்மா அழவில்லை. உறையைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அந்த எச்சரிக்கை நைனாவுக்கா சாமிக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாட்டிவிட்டு வெளியே வந்து வாசல் மண்ணைப் பார்த்தபடி சொன்னாள். "கத்திரி வெயிலு வர்றதுக்குள்ள இங்க நெழலு வோணும். இந்த மன்சன் பகல்ல தூங்கியாவணும்."

கீற்றுப் பந்தல் போட்டால் ஒரு நாளில் முடிகிற வேலை. ஆனால் எங்கள் லைன் அதற்கு முன்னால் ஒருமுறை எரிந்து போயிருந்தது. அதற்கப்புறம்தான் கீற்றுக் கூரை போய் இந்த ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. கீற்று என்ற பேச்சே கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. ஆகவே கொடி. அம்மா புடலை விதை வாங்கி ஊன்றினாள். கொடி ஏற ஒரு பந்தல் வேண்டும் என்று அவளுடைய தம்பியிடம் வாயைக் கொடுத்தாள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழுமலை மாமாவுக்குக் காசிமேட்டில் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. பேச்சைக் கேட்டால் அந்தத் துறைமுகத்தையே அவர்தான் முதலில் கட்டிவிட்டுப் பிறகு போனால் போகிறதென்று கடலை விட்டமாதிரி இருக்கும்.

"நீ இன்னாத்துக்குக்கா பேஜாராவுறே? வலை நான் கொண்டாறேன். திமிங்கலமே தொங்குனாலும் தாங்கும்."

அம்மா கேட்டது புடலங்காய் தொங்க. சொன்னபடி மீன்பாடி வண்டியில் ஒரு பழைய வலையைப் போட்டு மிதித்துக்கொண்டு வந்தார். சவுக்குக் கட்டைகளை நட்டு, வலையை இழுத்துக் கட்டி, கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு லைனில் போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்தார். பழைய வலை என்றால் மிதவைக் கட்டைகள் தொங்கும், கண்ணிகளில் கிளிஞ்சலும் செதிலும் ஒட்டியிருக்கும். ஓர் ஒற்றைச் செருப்பும் எப்படியோ அதில் மாட்டியிருந்தது. அதைக் கடைசிவரை யாராலும் எடுக்க முடியவில்லை.

இலை வருவதற்கு முன்னாலேயே வலை நிழலில் நைனா கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார். அன்றைக்குத் திருவொற்றியூரில் எத்தனை பூனைகள் உண்டு என்று எங்களுக்குத் தெரிந்தது. கவிச்சியை மோப்பம் பிடித்துக்கொண்டு சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வந்து பந்தல்மேல் ஏறிக்கொண்டு ஒன்றையொன்று பிறாண்டின. ஒரு கடுவன் பூனையின் கால் கண்ணிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. நைனா கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு நேர்மேலே ஒரு பூனைக்கால் அந்தரத்தில் உதைத்துக்கொண்டிருந்தது. அவர் வாயே திறக்காத மனிதர். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, "ஏழுமல எங்க?" என்று மட்டும் கேட்டார். மாமா அப்போதே ஐஸ் ஏற்றப் போய்விட்டிருந்தார்.

பூனையையாவது விரட்டலாம். புடலை ஏறி வலையைத் தொட்டது, தொட்ட இலை ஓரமெல்லாம் கருகியது. வெயில் என்று நினைத்து அம்மா மேலேயும் தண்ணீர் தெளித்தாள். தெளிக்கத் தெளிக்க வலையிலிருந்த உப்பெல்லாம் கரைந்து நேராக வேருக்கு இறங்கியது. நாலைந்து நாளில் கொடி முழுக்கச் சுருண்டு பீடி இலையானது. கடல் வலையை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசாமல் செடிப்பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மாமாவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அலசத் தண்ணீருக்கு எங்கே போவது என்று விட்டுவிட்டாராம்.

"திமிங்கலம் தொங்குமா? பூனதான் தொங்குது. உன்ன நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று அம்மா அவரை வைத்து வாங்கினாள். மாமா தலையைச் சொறிந்தார். அவருக்காக யாரும் பரிந்து பேசவில்லை. எனக்கு அவர்மேல் இன்றும் கோபம்தான். போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதென்பதால் விடுகிற கோபமில்லை அது.

தண்ணீர் இல்லை என்பது உண்மை. எங்கள் அடிபம்பில் வந்ததே உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீர் குடிக்க மட்டும். நல்ல தண்ணீர் தாராளமாக இருந்த ஒரே இடம் நைனாவின் கம்பெனி. தகரம் கழுவுவதற்கென்று தொட்டி தொட்டியாக நிரப்பி வைத்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் அம்மா வலையைச் சுருட்டி மூட்டையாகக் கட்டி நைனாவின் தோளில் ஏற்றிவிட்டாள். உள்ளே போகும்போது யாரும் தடுக்கவில்லை. கம்பெனிக்கு உள்ளே என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்கச் சட்டம் இல்லை. வெளியே கொண்டுபோவதற்குத்தான் அத்தனை சட்டமும்.

காலையில் அலசிய ஈர வலையோடு வந்தவரைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். இது கம்பெனிப் பொருளா என்று கேட்டாராம் செக்யூரிட்டி.

"வலை சார்."

"டப்பா கம்பெனில வலை எப்படி வந்தது?"

"நான்தான் சார் கொண்டாந்தேன்."

"எதுக்கு?"

"தூங்கறதுக்கு சார்."

இந்தப் பதிலைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வலுக்கத்தான் செய்யும். பகல் ஆபீசர் வருகிறவரை நைனா தோளில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ஆபீசர் வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினாராம். தூங்குவதற்காக வலை அலசப் போய் அன்றைய தூக்கமும் போனது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நேரமாக ஆக அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன். தெருமுனையில் நைனா தெரிந்ததும் அவள் பார்த்தது வலையை இல்லை.

அலசிய வலை தயார். மறுபடி விதை ஊன்றி வளர்க்கத்தான் நேரமில்லை. அப்போது பார்த்து, ரயில்வே சுவர்மேல் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், புகையையும் சாம்பலையும் தின்று செழித்துக்கொண்டிருந்த கோவைக் கொடி அம்மா கண்ணில் பட்டது. குச்சி குச்சியாக வெட்டிக்கொண்டு வந்து நட்டாள். கோவைக்கு மானமில்லை, எங்கே போட்டாலும் பிடித்துக்கொள்ளும். கத்திரி பாதி ஓடுவதற்குள் வலையை மூடிவிட்டது.

அழகாக இருந்தது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அது கலீஜான பந்தல். இலைமேல் எப்போதும் ஒரு சாம்பல் பூச்சு, எந்தப் புகைபோக்கியின் சாம்பல் என்றெல்லாம் தெரியாது. பழம் பழுத்து விழுந்து தரையெல்லாம் சிவப்பாக நசுங்கும், எறும்பு மொய்க்கும். கம்பளிப்பூச்சி தினமும் ஒருவர் கழுத்தில் விழும். மேலே அந்த ஒற்றைச் செருப்பு. தினமும் கோவைக்காய்ப் பொரியல், இல்லாவிட்டால் கோவைக்காய்க் குழம்பு. இன்றைக்கும் யார் வீட்டிலாவது அந்தக் காயைத் தட்டில் வைத்தால் எனக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். லைன் பிள்ளைகள் சிலேட்டு துடைக்க இலை பறித்துக்கொண்டு போவார்கள். கவித்துவம் என்று பார்த்தால் அவ்வளவுதான் தேறும்.

ஆனால் அதற்குக் கீழே நைனா தூங்கினார். முதல் நாள் வந்தவர் காக்கிச் சட்டையைக் கழற்றி, வேர்வை காயட்டும் என்று பந்தல் கட்டையில் மாட்டிவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, யார் அந்தப் பக்கம் வந்தாலும் சட்டையைக் காட்டி விரலை உதட்டில் வைத்தாள். சில நாள் அப்படிக் காட்டினாள். அப்புறம் காட்ட வேண்டியிருக்கவில்லை. கட்டையில் காக்கிச் சட்டை தொங்கினால் ஆள் தூங்குகிறார் என்பது லைனுக்கே விளங்கிவிட்டது.

இதில் ஆச்சரியம் குப்பம்மா அக்காதான். தலையில் கூடையோடு மீன் விற்க வருகிறவள், லைன் கடைசி வீடு. அவள் இங்கே வஞ்சிரம் என்றால் எண்ணூரில் பூனை எழுந்து உட்காரும். அந்தக் குப்பம்மா அக்கா சட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, கூடையை இறக்கி, மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, விரலாலேயே விலை சொல்வாள். அம்மா விரலை மடக்கி விலையைக் குறைப்பாள். அக்கா கையால் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு பேரும் கன்னாபின்னாவென்று சண்டை போட்டு ஒரு விலைக்கு வருவார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே தொண்டை பெரிது. ரகசியம் பேசக் கற்றுக்கொண்டது அந்த வாசலில்தான். பிற்பாடு டீச்சராகி அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தித் தீர்த்துக்கொண்டேன்.

பிறகு இன்னொரு சட்டை வந்தது. எங்களுக்கு எதிர் லைன் கரீம் பாய், ஹார்பரிலிருந்து மாதவரத்துக்கு ராத்திரி லாரி ஓட்டுகிறவர். ஒரு காலையில் வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணி, ஒரு ஓரமாப் பட்த்துக்கலாமா? கண்ண மூடுனா ரோடுதான் தெரியுது."

அம்மா நைனாவின் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அவருடைய கட்டம் போட்ட சட்டையும் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் ஏறியது. பிறகு இன்னும் சில நைட் ஷிப்ட் சட்டைகள். எத்தனை சட்டை தொங்குகிறதோ அந்த அளவுக்கு லைனில் சத்தம் குறையும். பிள்ளைகள் விளையாட்டை ரயில் பாதைப் பக்கம் கொண்டுபோனார்கள். பஞ்சு மிட்டாய்க்காரர் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் அடிப்பார்.

குப்பம்மா அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு மைக்செட் வைத்தாள். வைக்காமல் இருப்பாளா, வாழ்நாளெல்லாம் கூவியவள். மைக்செட்காரர் காலையிலேயே ஸ்பீக்கர் கட்டிவிட்டுப் பாட்டுப் போடப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டை எறங்கட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா இது, கண்ணால வூடா, சாவு வூடா?"

"தூங்குற வூடு. சாயங்காலம் போடு, விடிய விடியப் போடு."

மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகளே அழுதாள். அக்கா அசையவில்லை. சாயங்காலம் நைனா எழுந்து சட்டையை எடுத்து மாட்டியதும் கையைத் தூக்கினாள், ஸ்பீக்கர் அலறியது. நைனா வெட்கப்பட்டுக்கொண்டே அந்தப் பாட்டுக்கு நடுவில் நடந்து வேலைக்குப் போனார். அவர் மிதித்த பிரஸ் அவர் கைகளை ஒன்றும் செய்யவில்லை. கம்பெனியை மூடிய அன்றைக்கு இரண்டு கைகளையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு அந்தக் கலீஜான பந்தல் மட்டும் காரணமில்லை. ஒரு லைன் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

கம்பெனி மூடியபின் நைனாவுக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பகலில் பழையபடி பந்தலடிக்கு வந்து, வேலை இல்லாதபோதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுப்பார். அப்போதும் யாரும் சத்தம் போடவில்லை. பிறகு வீட்டுக்காரரின் பிள்ளைகள் லைனை விற்றார்கள். இடிக்க வந்தவர்கள் கோவையை ஓர் இழுப்பு இழுத்தார்கள், வலையும் செருப்பும் சேர்ந்து வந்தன.

இனி மறுபடியும் ஆர்பருக்கு வருகிறேன். இரவுக் காவல் முடித்து சேட்டு நேராகத் தேரடிக்குப் போய்ப் பகலெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வியாசர்பாடிக்குப் போய்த் தூங்கிவிட்டுத் திரும்ப நேரம் இருக்காது. போன வாரம் ஒரு காலையில் அந்தப் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்தார். நான் போவதற்குள் செயலாளர் எழுப்பி நிறுத்திவிட்டிருந்தார்.

"இது ரெசிடென்ட்ஸ் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கற இடம், சேட்டு."

"ஒரு மணி நேரம் சார். ஆட்டோல கண்ணு சொக்குது. நேத்து ஒரு பஸ்ஸு பின்னாடி போய் வுட்ருப்பேன்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

நான் இடையில் புகுந்தேன். பந்தல் என்றால் அதற்குக் கீழே ஒருவர் படுக்க வேண்டும், படுக்க முடியாதது பந்தலே இல்லை என்றேன். நல்ல கோவைக் கொடி ஒன்றை நட்டால் நிழலாவது வரும் என்றேன். செடி வைத்தால் பூச்சி வரும் மேடம் என்றார். கொடி ஏறாத, நிழல் விழாத, ஆள் படுக்காத ஒரு பந்தல். இதைச் செய்து விற்கவும் ஒருவன் இருக்கிறான், வாங்கவும் ஒருவர் இருக்கிறார், தூங்கிக்கொண்டே தலையாட்ட நானும் இருக்கிறேன்.

முந்தாநாள் செயலாளர் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் சேட்டுவை நிறுத்தி, படுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிளாஸ்டிக் இலைகள் வழியாக வெயில் அப்படியே இறங்கியது. என் குடையை விரித்து அவர் தலைப்பக்கம் கட்டினேன். அவர் கழற்றி மடியில் வைத்திருந்த காக்கிச் சட்டையை வாங்கி வளைவின் கம்பியில் மாட்டினேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

தண்ணீர் லாரி பின்பக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. ஒருவர் பைக்கிலிருந்து இறங்காமலே நாலாவது மாடிக்கு ஹார்ன் அடித்தார். இரண்டு பிள்ளைகள் கையில் ஸ்பீக்கரோடு பாட்டு வைத்துக்கொண்டு போனார்கள். அத்தனை பேரும் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். என் போன் அதிர்ந்தது. குழுவில் யாரோ வளைவைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆர்பரில் யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள், உடனே அகற்றவும். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். படத்தின் ஓரத்தில் சேட்டுவின் பாதங்கள் தெரிந்தன. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

நிமிர்ந்தால் செயலாளர் கையில் பெட்டியோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். ஊரிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்கிறார். வாயைத் திறக்கப் போனவரைப் பார்த்து, சட்டையைக் காட்டி, விரலை உதட்டில் வைத்தேன். அம்மா வைத்த மாதிரியே வைத்தேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், பல் வலியா?" என்றார் சத்தமாக.

சேட்டு எழுந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஆட்டோவுக்குப் போனார். சாயங்காலம் அவர் டூட்டிக்கு வருகிற நேரத்துக்குக் கீழே போய் அந்த ஆர்பர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தார். என்ன டீச்சரம்மா என்றார். நான் முதலில் அவர் கையைப் பார்த்தேன்.